பாலியல் வன்கொடுமை நடந்த பிறகு: ஆஸ்பத்திரி, காவல் நிலையம், நீதிமன்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை பாதிக்கப்பட்ட பெண்களும் அவர்களுடைய அம்மா, அக்கா, தோழிகளும் கேட்கும் கேள்விகள். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. கீழே அவற்றை பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறோம். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளில்தான் வழக்குப் போடுவார்கள். ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. அது பழியைப் பெண்ணின் தலையில் கட்டுகிற சொல்.

முதலில் எங்கே போக வேண்டும்? ஸ்டேஷனுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

ஆஸ்பத்திரிக்கு. புகாரை நாளைக்கும் கொடுக்கலாம், அடுத்த மாதமும் கொடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரம் தாண்டித் தொடங்கிப் பயனில்லை. கருத்தடை அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி வைத்திருக்கும் எல்லை 96 மணி நேரம்.

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 397-இன்படி அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனே முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு பி.என்.எஸ். பிரிவு 200-இன்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனாலும் பல இடங்களில் “ஸ்டேஷனிலிருந்து மெமோ வாங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது சட்டப்படி தவறு. பெண் தானாக வந்தாலே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. திருப்பி அனுப்பினால் வாசலில் நின்று வாதாட வேண்டாம். பணியிலிருக்கும் நிலைய மருத்துவ அலுவலரைக் கேளுங்கள், அங்கிருந்தே பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதும் ‘ஏ.ஆர்.’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் முதல் சான்று.

குளித்துவிட்டாள், துணியையும் அலசிப் போட்டாயிற்று. இனிமேல் போய் என்ன பயன்?

பயன் உண்டு, போங்கள். குளிப்பதால் மாதிரி குறையலாம், எல்லாமே போய்விடாது. சிகிச்சைக்கும் குளித்ததற்கும் சம்பந்தமே இல்லை. குளித்தது, வாய் கொப்பளித்தது, சிறுநீர் கழித்தது எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; படிவத்தில் அதற்கென்று இடம் இருக்கிறது.

துணியைப் பற்றி ஒரு விஷயம். அன்று உடுத்தியிருந்தது, உள்ளாடை, விரித்திருந்த போர்வை, மாற்றிய நாப்கின் எதையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். பதறிப்போய் கேரி பேக்கில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகப் பழுப்புக் காகிதப் பையிலோ சுத்தமான காகிதத்திலோ மடித்து, மேலே தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். கறை உள்ள இடம் மடிப்புக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டாதபடி நடுவில் ஒரு தாள் வையுங்கள். கிழிந்திருந்தால் தைக்க வேண்டாம்.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்? ‘இரண்டு விரல் சோதனை’ செய்வார்களா?

செய்யக் கூடாது. பிறப்புறுப்பில் இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமை மீறல் என்றது. 2022 அக்டோபரில், இனி அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளியாகக் கருதப்படுவார் என்றும் தீர்ப்பளித்தது. கன்னித்திரை பற்றியோ ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ என்றோ எழுதுவதற்கும் இடமில்லை. அறிக்கையில் அப்படி ஒரு வரி வந்திருந்தால் உங்கள் வக்கீலிடம் உடனே காட்டுங்கள்.

மற்றபடி நடப்பது இது: முதலில் உங்கள் சம்மதம். சிகிச்சை, உடல் பரிசோதனை, தடய மாதிரி எடுப்பது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று சொல்லி மற்றொன்றை மறுக்கலாம். நடுவில் “போதும்” என்றும் சொல்லலாம். மறுத்ததற்காகச் சிகிச்சையை நிறுத்த முடியாது. ஆண் மருத்துவர் என்றால் அறைக்குள் ஒரு பெண் இருக்க வேண்டும். காவலர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. மருத்துவர் நடந்ததை உங்கள் சொற்களில் எழுதிக்கொள்வார், காயங்களைப் படத்தில் குறிப்பார், பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார், ரத்தமும் நகத் துணுக்கும் எடுப்பார். குச்சியைக் காற்றில் உலர வைத்து, உறையிலிட்டு, சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத்தான் காவலரிடம் கொடுக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்குக் கைமாறியது என்ற பதிவு அறுந்துபோனால், ஆய்வகத்தில் பொருத்தம் வந்தால்கூட எதிர்த்தரப்பு அதை உடைத்துவிடும்.

போலீஸுக்குத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் உங்களை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருத்துவர் 7 நாளில் அறிக்கையை விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 184 சொல்வது இது. ஆவணங்களின் நகல் உங்களுக்கு இலவசம். கேட்காமல் தர மாட்டார்கள்.

உடம்பில் காயமே இல்லை. கேஸ் நிற்குமா?

நிற்கும். பயத்தில் உறைந்துபோவது, கத்தியைக் காட்டி மிரட்டுவது, மயக்க மருந்து எதுவும் காயம் விடுவதில்லை. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று பி.என்.எஸ். பிரிவு 63-லேயே எழுதியிருக்கிறது. ஆணுறுப்பு மட்டுமல்ல, விரலோ ஏதாவது பொருளோ நுழைத்தாலும், வாய்வழியாகச் செய்தாலும் அதே பிரிவில் வல்லுறவுதான். 2013 முதல் சட்டம் அப்படித்தான்.

என்னென்ன மருந்து தர வேண்டும்?

கர்ப்பத்தைத் தடுக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளையில். 72 மணி நேரத்துக்குள் சிறந்தது, 5 நாள் வரை ஓரளவு பயன்படும். 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை போட வேண்டும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இந்த மாத்திரையை வைத்திருப்பதே இல்லை. கடை கடையாக அலைந்து நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள்.

எச்.ஐ.வி. தடுப்புக்கு 28 நாள் மாத்திரை. முதல் வேளையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: முதல் வாரத்தில் குமட்டலும் களைப்பும் வரும், கேள்வி கேட்கும் வீட்டில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைப்பது கஷ்டம், பத்தாம் நாள் நின்றுவிடும். குமட்டலுக்குத் தனி மாத்திரை கேளுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், 28 நாளும் முடியுங்கள். எச்.ஐ.வி. சோதனை அன்றே ஒன்று, பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும்.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை: உடனே, 1 மாதம், 6 மாதம். பால்வினைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், காயம் இருந்தால் டி.டி. ஊசி.

கர்ப்பம் ஆகிவிட்டால்?

2021 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைக்கு ஆளானவர் 24 வாரம் வரை கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை இருவர். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதுவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் செய்வோம் என்பதும் தவறு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், கணவனின் வல்லுறவால் உண்டான கர்ப்பமும் இந்தச் சலுகைக்குள் வரும் என்றது. இருவர் விருப்பத்தோடு உண்டான உறவில் கருத்தரித்த சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. 24 வாரம் தாண்டினால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சட்ட உதவி மூலம் அதே நாளில் மனுத் தாக்கல் செய்ய முடியும். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கு இருந்தால், கலைக்கும் முன்பே மருத்துவரிடமும் விசாரணை அதிகாரியிடமும் சொல்லிவைப்பது மிக முக்கியம். கருத்திசுவை டி.என்.ஏ. சோதனைக்காகச் சாதாரண உப்புக் கரைசலில் வைத்துக் குளிர்நிலையில் அனுப்ப வேண்டும். வழக்கமான பழக்கத்தில் பார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும். தந்தை யார் என்று காட்டும் ஒரே சான்று அந்தப் புட்டிக்குள்ளேயே வீணாகிவிடும்.

போலீஸுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. கட்டாயமா?

18 வயது நிறைந்தவருக்கு, புகார் கொடுப்பது அவர் முடிவு. ஆனால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டது. இதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்ல வேண்டும். காவலர் வந்தாலும் “இப்போது வாக்குமூலம் தர விரும்பவில்லை” என்று நீங்கள் சொல்லலாம், மருத்துவர் அந்த மறுப்பை எழுதிவைக்க வேண்டும். மாதிரிகளை மட்டும் கொடுத்துவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மனம் பிறகு மாறலாம், மாதிரியைப் பிறகு எடுக்க முடியாது.

குழந்தை விஷயம் வேறு. போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும், ஆசிரியரோ மருத்துவரோ பக்கத்து வீட்டுக்காரரோ, தகவல் சொல்லியாக வேண்டும். மறைப்பது குற்றம்.

எஃப்.ஐ.ஆர். எங்கே, எப்படிப் போடுவது? சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள், அது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டும். அதை வைத்து விசாரணை தொடங்காது, கைது நடக்காது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தது. “சி.எஸ்.ஆர். போட்டிருக்கோம்மா, கூப்பிட்டு விசாரிக்கிறோம்” என்றால், எஃப்.ஐ.ஆர். எண் கேட்டு அங்கேயே உட்காருங்கள்.

எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை தங்களுடையது இல்லை என்றாலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எங்கே போனாலும் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். உங்கள் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயோ நீங்கள் சொல்லும் இடத்திலேயோ வந்து எழுத வேண்டும். காது கேளாதவர், பேச இயலாதவர், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் என்றால் மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடன் இருக்க, வீடியோவும் எடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாள், நேரம், இடம் சரியா? என்ன செய்தான் என்பதை “தவறாக நடந்துகொண்டான்” என்று மழுப்பி எழுதியிருக்கிறார்களா? அந்த ஒரு வரியால் பி.என்.எஸ். பிரிவு 64 போட வேண்டிய இடத்தில் 74 விழுந்துவிடும். முன்னதற்குக் குறைந்தது 10 ஆண்டு, பின்னதற்கு 1 முதல் 5 ஆண்டு. மிரட்டிய வார்த்தைகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, செய்தவன் அப்படி இல்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர வேண்டும். சேர்ந்தால் டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் எளிதில் கிடைக்காது, அரசு நிவாரணத் தொகையும் பரிசோதனை முடிந்த கட்டத்திலிருந்தே தவணையாக வரும். சாதிச் சான்றிதழ் நகலை அன்றே கொடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

வாங்கவே மறுக்கிறார்கள்.

புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்தக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் காவலருக்கு பி.என்.எஸ். பிரிவு 199-இன்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். இந்தப் பிரிவு எண்ணைப் புகாரிலேயே ஒரு வரியில் எழுதிவிடுவது உதவும்.

மாஜிஸ்திரேட் முன்னால் எதற்கு இன்னொரு வாக்குமூலம்?

போலீஸிடம் சொன்னது விசாரணைக்கு. மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 183-இல் சொல்வது நீதிமன்றத்தில் கனமாக நிற்கும். முடிந்தவரை பெண் மாஜிஸ்திரேட்தான் பதிய வேண்டும். ஆண் மாஜிஸ்திரேட் என்றால் ஒரு பெண் உடன் இருக்க வேண்டும். கூட வந்த காவலர் வெளியில்தான் நிற்க வேண்டும்.

மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். அதிர்ச்சியில் வரிசை குழம்புவது இயல்பு: எத்தனை மணி, எந்தக் கதவு, முதலில் எது என்று நினைவுக்கு வராமல் போகும், ஆனால் அவன் சட்டையின் நிறமோ ஃபேன் சத்தமோ அப்படியே நிற்கும். நினைவில் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். தெரியாததற்கு “நினைவில்லை” என்பதே சரியான பதில். தப்பாக ஊகித்துச் சொன்ன ஒரு நேரத்தைத்தான் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள்.

குழந்தை என்றால் என்ன வித்தியாசம்?

சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எழுத வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கவே கூடாது. சிறுமியைப் பரிசோதிப்பது பெண் மருத்துவர்தான். அம்மாவோ குழந்தை நம்புகிறவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழு ஓர் ‘உதவி நபரை’ நியமிக்கலாம். வழக்கு முடியும்வரை நீதிமன்றத்துக்குக் கூடவே வருவது, வாய்தா தேதியைச் சொல்வது, படிப்பு விட்டுப்போகாமல் பார்ப்பது அவர் வேலை. பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கு பாதிக்கு மேல் போன பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய. போக்சோ ஆண் குழந்தைகளுக்கும் அதே அளவு பொருந்தும்.

வீட்டில் ஒன்று மட்டும்: குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்டு ஒத்திகை பார்க்காதீர்கள். மாமா, சித்தி, டீச்சர் என்று ஐந்து பேர் கேட்ட பிறகு வரும் வாக்குமூலத்தை ‘சொல்லிக்கொடுத்தது’ என்பார்கள். ஒரு முறை கேளுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான்.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்து இன்னும் பெரிய தொகை கேட்பான். அவனை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் பதிவுசெய்யுங்கள்: எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், கணக்கின் முகவரி, குரல் செய்தி. சாட்டை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், புது போன் வாங்கினாலும் பழையதை விற்காதீர்கள். மூலக் கருவி இருந்தால்தான் மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை ஒழுங்காகத் தர முடியும். 1930-லும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் கொடுங்கள். படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே, அதன் எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கிப் பல சமூக வலைத்தளங்களில் பரவாமல் தடுக்கும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவை 18 வயது நிறைந்தவர்களுக்கு இருக்கிறது.

பொள்ளாச்சி வழக்கில் இப்படி மிரட்டியே பல பெண்களைச் சிக்கவைத்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசச் சொல்கிறார்கள். அவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்கிறார்கள்.

வல்லுறவு சமரசத்துக்கு உரிய குற்றமே அல்ல. கட்டப்பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் எந்தத் தாளுக்கும் சட்டத்தில் மதிப்பில்லை. திருமணம், சமாதானம் என்று நீதிமன்றங்களே யோசனை சொல்லக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அவனோடு அனுப்பிவைப்பது அவளை அதே வன்முறைக்குள் பூட்டுவது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

மிரட்டினால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். ஆபத்து பற்றிய போலீஸ் அறிக்கை 5 வேலை நாளில் வர வேண்டும். வீட்டில் இருக்க முடியாது என்றால் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், அங்கிருந்து நீண்டகால இல்லத்துக்கு மாற்றுவார்கள்.

என் பெயர் வெளியே வருமா?

வரக் கூடாது. பி.என்.எஸ். பிரிவு 72-இல் இரண்டு ஆண்டு வரை சிறை. பெயர் மட்டுமல்ல, ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில் என்று ஆளைக் கண்டுபிடிக்க வைக்கும் எதுவும் அடையாளம்தான். பாலியல் குற்றங்களின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆர். கசிந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. ‘நீதி வேண்டும்’ என்று அவள் படத்தை ஸ்டேட்டஸ் வைக்கும் உறவினரும் இந்தப் பிரிவுக்குள் வருவார்.

வக்கீலுக்குப் பணமில்லை.

வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். அதற்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். அவருக்கு உதவ உங்கள் பக்கம் தனி வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் சட்ட உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசி 15100.

இழப்பீடு எவ்வளவு, எப்போது கிடைக்கும்?

தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் கேட்கலாம். மாவட்ட ஆணைக்குழுவில் படிவம் 1-ஐ நிரப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணம், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக நகல் வையுங்கள். இடைக்கால உதவியும் அதே மனுவில் கேளுங்கள். விசாரணை 60 நாளுக்குள் முடிய வேண்டும். மறுத்தால் 30 நாளில் மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு.

தொகையில் 75 சதவீதம் குறைந்தது 3 ஆண்டு வைப்பு நிதியில் போகும், 25 சதவீதம்தான் உடனே கைக்கு. கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே இருக்கட்டும். குழந்தைகளுக்குப் போக்சோ சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு தரலாம்.

செய்தது கணவன். / பாதிக்கப்பட்டது ஆண். / திருநங்கை.

மூன்றிலும் சட்டம் குறையுள்ளது, உள்ளதைச் சொல்கிறோம். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வல்லுறவு செய்வது இன்னமும் பிரிவு 63-க்குள் வராது. பிரிந்து வாழும்போது செய்தால் பிரிவு 67. மற்றபடி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் பாலியல் கொடுமையும் அடக்கம்: பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம் கேட்கலாம். வயது வந்த ஆணுக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 377 போன பிறகு நேரான பிரிவு இல்லை; காயம், மிரட்டல், அடைத்துவைத்தல் பிரிவுகளில்தான் புகார். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பாலியல் கொடுமைக்குத் தண்டனை வெறும் 6 மாதம் முதல் 2 ஆண்டு. மருத்துவச் சிகிச்சை மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

கோர்ட்டில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். திரை, வீடியோ இணைப்பு கேட்டு முன்கூட்டியே மனுப் போடச் சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் ஏற்பாடு இருக்காது. உங்கள் பழைய உறவுகள் பற்றிய கேள்விகளுக்கு இடமில்லை. சாட்சி சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அரசு வழக்கறிஞரைச் சந்தித்து உங்கள் வாக்குமூலத்தை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். புலனாய்வு 2 மாதத்துக்குள் முடிய வேண்டும். கைதானவன் சிறையில் இருக்க 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை ஆகிவிடும். 75-ஆம் நாளே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். ஜாமீன் விசாரணையில் உங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

வல்லுறவுக்குக் காலவரம்பு இல்லை. வாச்சாத்தியில் 18 பெண்கள் மீது வன்கொடுமை நடந்தது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது 2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல், ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரவும் உத்தரவிட்டது. தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள்: மிரட்டல், வயது, அவனை நம்பி வாழ வேண்டிய நிலை.

வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

“ஏன் அங்கே போனே?” என்று கேட்காதீர்கள். “உன் மேல் தப்பில்லை, நான் கூட இருக்கேன்” போதும். தூங்க முடியாமல் தவிப்பாள், சில நாள் சிரிக்கவும் செய்வாள். சிரிப்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. போனையும் காலேஜையும் பிடுங்காதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவு, திடுக்கிடல், சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 எண்ணில் தமிழிலேயே, இரவிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

அவன் விடுதலையாகிவிட்டால்?

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 413-இன்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யுமா என்று பார்த்திருக்க வேண்டாம். குறைவான பிரிவில் தண்டித்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் அதே உரிமை. தீர்ப்பு நகலுக்கு அன்றே மனுப் போட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம் கொடுங்கள். விடுதலைத் தீர்ப்பு என்றாலும் பிரிவு 396-இன் கீழ் நீதிமன்றம் மறுவாழ்வுக்கு இழப்பீடு பரிந்துரைக்கலாம். தீர்ப்பில் அது இல்லையென்றால் கேட்டு மனுப் போடுங்கள்.